ஃபோர் பை ஃபோர் விழவில்லையா? பெங்களூரில் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு

தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் கொஞ்சம் நிலம் வைத்திருப்பவர்களும், குடகில் காப்பித் தோட்டத்துக்குப் போய்வருகிறவர்களும் பெங்களூரில் செகண்ட் ஹேண்டாக ஒரு ஃபோர் பை ஃபோர், அதாவது தேவைப்படும்போது நான்கு சக்கரமும் இழுக்கும் பிக்கப்பைத் தேடி வாங்குகிறார்கள். வாரம் முழுக்க அந்த வண்டி ஓசூர் ரோட்டிலும் வெளிவட்டச் சாலையிலும் டூ வீல் டிரைவிலேயே ஓடும். மழை பிடித்து, தோட்டத்துச் சேற்றில் பின்சக்கரம் புதைகிற நாளில்தான் 4 எச் சுவிட்சைத் திருப்புவார்கள். மீட்டரில் லைட் சிமிட்டிக்கொண்டே இருக்கும், முன்சக்கரம் அசையாது. அன்று இரவே போனை எடுத்துத் தேட ஆரம்பிப்பார்கள்.

இணையத்தில் யோசனைக்குப் பஞ்சமே இல்லை. ஒருவர் மோட்டாரை மாற்று என்பார். இன்னொருவர் டிரான்ஸ்ஃபர் கேஸை இறக்கு என்பார். மூன்றாமவர் ஒரு ஃப்யூஸ்தான் என்று முடித்துவிடுவார். மூவர் சொன்னதும் அவரவர் வண்டியில் உண்மையாகவே நடந்திருக்கும். உங்கள் வண்டியில் எது என்று அவர்களால் சொல்ல முடியாது, அதை நீங்கள்தான் வண்டியைத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களின் பணம் நல்ல பார்ட்டைக் கழற்றிவிட்டு இன்னொரு நல்ல பார்ட்டைப் போடுவதிலேயே கரைவதைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை. அதனால் இந்தக் கட்டுரையில் பார்ட் வாங்குவது கடைசியில்தான் வரும்.

உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது?

இங்கே ஓடும் பிக்கப்களிலும் ஜீப்களிலும் பெரும்பாலானவை பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ். சாதாரணமாகப் பின்சக்கரம் மட்டும் இழுக்கும், இதுதான் 2 எச். 4 எச் போட்டால் கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். 4 எல் என்பது அதே பூட்டுதான், கூடவே வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியரும் சேரும்.

சக்தி முன்சக்கரத்துக்குப் போகும் வழியை மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். சுவிட்ச் அல்லது லீவர், அதிலிருந்து கன்ட்ரோல் யூனிட், அது ஓட்டும் சின்ன மோட்டார், மோட்டார் நகர்த்தும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஃபோர்க் (உள்ளே கியரைத் தள்ளும் கவை), அங்கிருந்து முன் ஆக்ஸிலுக்குப் போகும் நீளத் தண்டான முன் புரொப்பல்லர் ஷாஃப்ட், சக்தியை இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் பிரிக்கும் முன் டிஃபரென்ஷியல், கடைசியாகச் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப். லீவர் வண்டி என்றால் நடுவில் மின்சாரமும் மோட்டாரும் கிடையாது, பாதி வேலை மிச்சம். 1985இல் வந்த மாருதி ஜிப்சியில் ஹப்பைக் கையால் திருப்பிப் பூட்ட வேண்டும். பின்னால் வந்த வண்டிகள் சிலவற்றில் வேக்யூம் (காற்றை உறிஞ்சும் இழுப்பு) ஹப்பைப் பூட்டும், இன்னும் சிலவற்றில் முன் ஆக்ஸிலிலேயே ஒரு இணைப்பு விலகிச் சேரும். உங்களுடையது இவற்றில் எது என்று ஓனர் மேனுவலில் பாருங்கள். மேனுவல் கைக்கு வரவில்லை என்றால் தயாரிப்பாளர் தளத்தில் உங்கள் மாடல், ஆண்டு போட்டுத் தேடுங்கள். இது தெரியாமல் மேலே போகவே வேண்டாம்.

படிக்கிற யோசனையைச் சலிப்பது

வண்டிப் பெயர் ஒன்றாக இருந்தால் உள்ளே இருப்பதும் ஒன்றுதான் என்று நினைப்பது இயல்பு. ஃபார்ச்சூனரைப் பாருங்கள். 2009இல் இந்தியாவுக்கு வந்த முதல் ஃபார்ச்சூனர் ஃபுல் டைம் ஃபோர் வீல் டிரைவ், அதாவது எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும், நடு டிஃபரென்ஷியலோடு வந்தது. 2016இல் வந்த அடுத்த தலைமுறை பார்ட் டைம். முதலாவதுக்கு எழுதிய யோசனையை இரண்டாவதில் செய்து பார்த்தால் ஒன்றும் பொருந்தாது. இசுசு டி-மேக்ஸ் கதையும் இதேதான். அந்த வண்டியைப் பற்றி ஆங்கிலத்தில் நிறைய எழுதுகிறவர்கள் ஆஸ்திரேலியக்காரர்கள். அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் 3.0 லிட்டர் எஞ்சின். 2016இல் நமக்கு வந்த வி-கிராஸ் 2.5 லிட்டர், பிறகு வந்தது 1.9. எஞ்சின் மாறினால் வேக்யூம் ட்யூப் போகும் பாதையும் வயரிங்கும் மாறியிருக்கலாம். அமெரிக்க வீடியோவில் டிரைவர் பக்கம் என்றால் அது இடதுபக்கம் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒரு யோசனையைப் படிக்கும்போது நான் முதலில் பார்ப்பது, கேள்வி கேட்டவர் திரும்பி வந்து “சரியாகிவிட்டது” என்று எழுதியிருக்கிறாரா என்பதைத்தான். அவர் திரும்பி வரவே இல்லையென்றால் அது வெறும் ஊகம். அப்புறம், சொன்னவர் எதையாவது அளந்து பார்த்துச் சொல்கிறாரா என்று பார்ப்பேன். “மோட்டார் கனெக்டரில் 12 வோல்ட் வந்தது, மோட்டார் அசையவில்லை” என்று எழுதுபவரின் வார்த்தைக்கு மதிப்பு உண்டு. “எனக்கும் இதே பிரச்சினை, மோட்டார்தான்” என்பதை வைத்து ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள்.

ஸ்கேனர் காட்டும் கோடு, அதாவது பழுதைக் குறிக்கும் எண், விஷயத்திலும் கவனம் தேவை. போனோடு இணைகிற மலிவு ஓ.பி.டி. ஸ்கேனர்கள் பெரும்பாலும் எஞ்சின் கோடுகளை மட்டும் வாசிக்கும். ஃபோர் வீல் டிரைவ் யூனிட்டின் கோடு அதில் தெரியாமல் போகலாம். அதனால் ஸ்கேனர் “கோடு இல்லை” என்று காட்டினால் பழுது இல்லை என்று அர்த்தமாகாது. பி1 என்று தொடங்கும் கோடுகளின் பொருளைப் பெரும்பாலும் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தாங்களே வைத்துக்கொள்கிறார்கள். வேறு கம்பெனி வண்டிக்கான விளக்கத்தை உங்கள் கோடுக்கு ஒட்டவைக்காதீர்கள்.

பழுதே இல்லாமல் இருக்கலாம்

கையில் ஸ்பேனர் எடுக்கும் முன் போட்ட விதம் சரியா என்று பாருங்கள். 4 எல் போட வண்டி முழுசாக நிற்க வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், மேனுவல் வண்டியில் கிளட்ச் அழுத்தியிருக்க வேண்டும். உருண்டுகொண்டே திருப்பினால் லைட் சிமிட்டும், கியர் விழாது. 4 எச் ஓடும்போதே போடலாம் என்றாலும் வேக வரம்பு உண்டு. அது வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலில் இருக்கும்.

இன்னொன்று, 4 எச் விழுந்துவிட்டது, ஆனால் திரும்ப 2 எச் வர மறுக்கிறது என்கிற புகார். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் போகும், அதனால் அதிகம் சுற்றியாக வேண்டும். பார்ட் டைம் வண்டியில் முன்னும் பின்னும் பூட்டியிருப்பதால் அந்த வித்தியாசத்துக்கு இடமே இல்லை. சேற்றில் டயர் கொஞ்சம் வழுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க வழியில்லாமல் முறுக்கம் முழுவதும் ஷாஃப்டிலும் கியரிலும் ஏறும். ஸ்டியரிங் கனக்கும், வண்டி துள்ளும், லீவர் சிக்கிக்கொள்ளும். நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுங்கள், பெரும்பாலும் அதிலேயே விட்டுவிடும். சுத்தியலோ பலமோ காட்ட வேண்டாம். மெதுவாக இடமும் வலமும் வளைத்துக்கொண்டே பின்னால் போவதும் உதவும்.

முன்னால் புது டயர், பின்னால் தேய்ந்த டயர் என்றால் நேரான ரோட்டிலேயே இந்த முறுக்கம் ஏறும். செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கியவர்கள் நான்கு டயரின் சைஸையும் வாசித்துப் பாருங்கள்.

பல மாதம் போடாமல் விட்டதாலேயே உள்ளே இறுகிப்போன வண்டிகளும் உண்டு. சர்ஜாபுரா, ஆனேக்கல் தாண்டி ஒரு மண்சாலை கிடைத்தால் அங்கே நேராக ஓட்டிக்கொண்டு சில தடவை 2 எச், 4 எச் மாற்றிப் பாருங்கள். அதிலேயே சரியானால் நல்லது. இனி மாதம் ஒருமுறை இதைச் செய்யுங்கள்.

மின்சாரம்

சுவிட்ச் வண்டியாக இருந்தால் பேட்டரியில் தொடங்குங்கள். சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொண்டால் போதும், இந்த வேலையில் அதைவிட உபயோகமான கருவி இல்லை. இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.4க்குக் கீழே என்றால் சார்ஜ் செய்துவிட்டு மறுபடி முயலுங்கள். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை பொதுவாக இருக்கும். வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் பாதி நகர்ந்து நின்றுவிடும், கன்ட்ரோல் யூனிட்டும் முயற்சியைக் கைவிட்டுவிடும்.

அப்புறம் ஃப்யூஸ், ரிலே. ஃப்யூஸைக் கழற்றிக் கண்ணால் பார்ப்பதோடு விடாமல் மீட்டரில் கன்டினியூட்டி, அதாவது மின்சாரம் அறுபடாமல் போகிறதா என்று பாருங்கள். போனதை அதே ஆம்பியர் ஃப்யூஸால்தான் மாற்ற வேண்டும். புதிதும் எரிந்தால் எங்கோ வயர் உரசுகிறது, அதைக் கண்டுபிடிக்காமல் பெரிய ஃப்யூஸ் போடுவது தீயைக் கூப்பிடுவதுதான்.

டிரான்ஸ்ஃபர் கேஸ் மோட்டாரின் கனெக்டர் வண்டிக்கு அடியில் இருப்பதால் தண்ணீரும் சேறும் முதலில் தாக்குவது அதைத்தான். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், மகாதேவபுரா பக்கம் வெள்ளத்தில் நின்ற வண்டிகள் பிறகு கைமாறியிருக்கலாம். நீங்கள் வாங்கியது அப்படிப்பட்டதாக இருக்கலாம் என்று தோன்றினால் இதை முதலிலேயே பாருங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுக் கனெக்டரைப் பிரியுங்கள். பச்சைப் பூஞ்சை போல் படிந்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, காயவிட்டு, மறுபடி மாட்டுங்கள். இத்தோடு வேலை முடிந்த வண்டிகள் உண்டு.

முடியவில்லை என்றால் பேட்டரியை மாட்டிவிட்டு, வண்டிக்கு அடியில் யாரும் படுக்காமல், பக்கத்திலிருந்தே மோட்டார் வயர்களில் மீட்டரை வையுங்கள். இன்னொருவர் இக்னிஷனைப் போட்டுச் சுவிட்சைத் திருப்பட்டும். ஓரிரு விநாடி 12 வோல்ட் அளவில் வந்து, மோட்டார் சத்தமே இல்லை என்றால் மோட்டார் போயிருக்கும், அல்லது அது நகர்த்தும் தண்டு இறுகியிருக்கும். வோல்டேஜே வரவில்லை என்றால் மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள், பிரச்சினை அதற்கு முன்னால் இருக்கிறது. எர்த் வயரையும் சோதியுங்கள். மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறுமுனை கன்ட்ரோல் யூனிட்டின் எர்த்தில். மோட்டார் ஓட முயலும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. அந்த போல்ட்டைக் கழற்றிச் சுரண்டி இறுக்குங்கள்.

4 எச் சரியாக விழுந்து 4 எல் மட்டும் விழவில்லை என்றால், நியூட்ரல் சுவிட்ச் அல்லது கிளட்ச் சுவிட்ச் யூனிட்டுக்குத் தகவல் கொடுக்கவில்லை என்று சந்தேகப்படுங்கள்.

ஒரு சக்கரத்தைத் தூக்கிப் பார்க்கும் சோதனை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸா, முன் ஆக்ஸிலா என்கிற சண்டைக்கு அரை மணி நேரத்தில் பதில் கிடைக்கும். செலவு ஒன்றும் இல்லை.

பாதுகாப்பு முதலில். சமமான சிமென்ட் தரை வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, இரண்டு பின்சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையையோ கையையோ நீட்டவே கூடாது, தூக்கிய பிறகு சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்தாக வேண்டும். ஒரு சக்கரம் மேலே இருக்கும்போது எஞ்சினை ஸ்டார்ட் செய்து கியர் போடக் கூடாது. தரையில் இருக்கும் சக்கரங்கள் வண்டியை ஸ்டாண்டிலிருந்து தள்ளிவிடும். சில வீடியோக்களில் அப்படிச் செய்து காட்டுகிறார்கள், தயவுசெய்து பின்பற்றாதீர்கள்.

முதலில் 2 எச்சில், எஞ்சின் ஆஃப், முதல் கியர், முன்சக்கரங்களில் ஒன்றை மட்டும் தூக்குங்கள். கையால் சுற்றினால் சக்கரம் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் பிரேக் பிடித்திருக்கிறது, அல்லது 4 எச் விடுபடாமல் உள்ளேயே நிற்கிறது.

பிறகு இறக்கிவிட்டு, மண் தரையில் 4 எச் போட்டு நேராகச் சில மீட்டர் ஓட்டி, மாற்றாமல் அப்படியே கொண்டுவந்து நிறுத்துங்கள். கொண்டுவரும் வழி தார் என்றால் வளைவு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மறுபடி எஞ்சின் ஆஃப், முதல் கியர், ஹேண்ட் பிரேக், அதே சக்கரத்தைத் தூக்குங்கள். நீங்கள் சக்கரத்தைச் சுற்ற, இன்னொருவர் டார்ச் அடித்து, வெளியே நின்றபடி முன் புரொப்பல்லர் ஷாஃப்டைப் பார்க்கட்டும்.

சக்கரம் கொஞ்சம் ஆடி நின்றுவிட்டால் எல்லாம் பூட்டியிருக்கிறது. இயந்திரம் சரியாக வேலை செய்கிறது, லைட் சிமிட்டுவது சென்சார் அல்லது இன்டிகேட்டர் சுவிட்ச் கோளாறு. டிரான்ஸ்ஃபர் கேஸை இறக்கச் சொன்ன யோசனையை இங்கேயே மூடிவிடலாம்.

சக்கரத்தோடு புரொப்பல்லர் ஷாஃப்டும் சுற்றினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் முன்பக்கத்தைப் பூட்டவில்லை. மோட்டார், லீவர் லிங்கேஜ், உள்ளே இருக்கும் ஃபோர்க், இந்த வரிசையில் போங்கள். லீவர் வண்டிகளில் லிங்கேஜில் இருக்கும் புஷ் தேய்ந்து, லீவர் முழுசாகப் போனாலும் உள்ளே முழுசாக விழாமல் நிற்கும். புஷ் மலிவு, அதை முதலில் பாருங்கள்.

சக்கரம் சுற்றுகிறது, புரொப்பல்லர் ஷாஃப்ட் அசையவில்லை என்றால் முன் ஆக்ஸிலில் பூட்டு விழவில்லை; டிரான்ஸ்ஃபர் கேஸ் பூட்டியதா என்பது இதிலிருந்து மட்டும் தெரியாது. முதலில் பார்க்க வேண்டியது முன் ஆக்ஸில் பக்கம், அதாவது ஹப்பை அல்லது ஆக்ஸில் இணைப்பை. ஹப் வண்டியில் நீங்கள் தூக்கிய பக்கம் சரியாகப் பூட்டி, மறுபக்க ஹப் பூட்டாமல் இருந்தாலும் சக்கரம் சுற்றும். டிஃபரென்ஷியல் வழியாக அந்தப் பக்கம் நழுவிவிடும். அதனால் சக்கரத்தோடு அதன் பின்னால் இருக்கும் ஆக்ஸில் ஷாஃப்டும் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றினால் இந்த ஹப் நல்லது, அடுத்த பக்கம் போங்கள். வேக்யூமில் இயங்கும் சில வண்டிகளில் எஞ்சினை நிறுத்தியதும் பூட்டு தானாக விலகலாம். அப்படிப்பட்ட வண்டியில் இந்த மூன்றாவது பதிலை மட்டும் வைத்து ஹப் போச்சு என்று முடிவு கட்டாமல், வேக்யூமைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

வேக்யூம் ட்யூப்கள்

டீசல் எஞ்சினில் வேக்யூமுக்கென்று தனி பம்ப் இருக்கும். பிரேக் பூஸ்டருக்கும் அதே பம்ப்தான். அதனால் ஃபோர் பை ஃபோர் விழாததோடு பிரேக் பெடலும் கட்டியாக இருந்தால், தோட்டம் எல்லாம் அப்புறம், வண்டியை ஓட்டாமல் பிரேக்கை முதலில் பாருங்கள்.

எஞ்சின் சூட்டில் ரப்பர் ட்யூப்கள் காய்ந்து வெடிக்கும். எலி கடித்தும் போகும். பம்பிலிருந்து சோலினாய்டு (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு) வரை, அங்கிருந்து ஆக்ஸில் வரை கையால் தடவிக்கொண்டே போனால் வெடிப்பு அகப்படும். சோலினாய்டில் இரண்டு ட்யூப் இடம் மாறி மாட்டியிருப்பதும் உண்டு. கையால் இயக்கும் வேக்யூம் பம்ப் மெக்கானிக்கிடம் இருந்தால் வேக்யூமால் பூட்டை நகர்த்தும் ஆக்சுவேட்டருக்கு நேராகப் பிடித்து இழுத்துப் பாருங்கள். முள் ஏறி அப்படியே நிற்க வேண்டும், இறங்கினால் உள்ளே டயஃப்ரம் கிழிந்திருக்கிறது.

ஆயில்

நிரப்பும் பிளக்கை முதலில் கழற்றுங்கள், அது வந்த பிறகுதான் வடிக்கும் பிளக். ஆயிலை வடித்துவிட்டு நிரப்பும் பிளக் துருப்பிடித்து வரவில்லை என்றால் வண்டி அங்கேயே நின்றுவிடும்.

ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் ஏறியிருக்கிறது. சூடான ஆக்ஸில் திடீரென்று தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும், காற்று போய்வரும் துவாரமான பிரீத்தர் அடைத்திருந்தால் அந்தச் சுருக்கம் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஆயிலை மாற்றுவதோடு பிரீத்தர் ட்யூபையும் ஊதிப் பாருங்கள். பிளக்கின் காந்தத்தில் நைஸான சாம்பல் நிறப் பசை சகஜம். நகத்தில் தட்டுப்படும் அளவுக்குத் துண்டுகள் இருந்தால் வண்டியைத் தொடர்ந்து ஓட்டாமல் திறந்து பார்க்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ்களில் சிலவற்றுக்கு ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஆயில்), சிலவற்றுக்கு கியர் ஆயில். “எனக்கு இதுதான் போட்டார்கள்” என்று இணையத்தில் ஒருவர் சொல்வதை இங்கே கேட்க வேண்டாம், மேனுவலில் இருக்கும் கிரேடு மட்டும்தான்.

மெக்கானிக்கிடம் போகும்போது

டிரான்ஸ்ஃபர் கேஸ் திறப்பது, முன் டிஃபரென்ஷியல் திறப்பது இரண்டும் வீட்டு வேலை இல்லை. கன்ட்ரோல் யூனிட் மாற்றச் சொல்கிறார்கள் என்றால் கம்பெனி ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு முடிவெடுங்கள். மற்றதில் பெரும்பாலானவற்றை நீங்களே பார்த்துவிட்டுப் போகலாம்.

“அண்ணா, ஃபோர் பை ஃபோர் வேலை செய்யல” என்று சொல்லி வண்டியை விட்டால் அவர் முதலிலிருந்து தேட வேண்டும், அந்த நேரத்துக்கும் நீங்கள்தான் கூலி கொடுக்க வேண்டும். “அண்ணா, 4 எச் போட்டா ஷாஃப்ட் அசையல, வீல் மட்டும் சும்மா சுத்துது. பேட்டரி 12.6 இருக்கு. வேக்யூம் லைனை முதல்ல பார்த்துடுங்க” என்று சொல்லிப் பாருங்கள். நல்ல மெக்கானிக்குக்கு இது பிடிக்கும், நேராக அந்த இடத்துக்குப் போவார். பெங்களூரில் தமிழ் பேசும் மெக்கானிக்குகளுக்குக் குறைவில்லை, பாஷை ஒரு தடையாக இருக்காது.

பார்ட் தேவை என்று உறுதியான பிறகு ஜே.சி. ரோடு. பழைய பார்ட் போதும் என்றால் சிவாஜிநகர். சேஸிஸ் நம்பரையும், கழற்றிய பார்ட்டில் பொறித்திருக்கும் பார்ட் நம்பரையும் போட்டோ எடுத்துக்கொண்டு, முடிந்தால் பழைய பார்ட்டையே கையில் எடுத்துக்கொண்டு போங்கள். பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் வேறு வருடத்துப் பார்ட் வந்து சேரும். பழைய மோட்டார் வாங்குவதானால் கடையிலேயே பேட்டரியில் இரண்டு பக்கமும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அப்படிச் சுற்றினாலும் உள்ளே இருக்கும் பொசிஷன் சென்சார் நன்றாக இருக்கிறதா என்பது வண்டியில் மாட்டிய பிறகுதான் தெரியும். அதனால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது அதே ஒற்றைச் சக்கரச் சோதனையை மெக்கானிக் முன்னால் ஒருமுறை செய்யச் சொல்லுங்கள். பிறகு மண்சாலையில் 2 எச், 4 எச், 4 எல் மூன்றையும் போட்டு எடுத்துப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து ஆயில் கசிவு இருக்கிறதா என்று அடியில் பாருங்கள். எல்லாம் சரி என்றால் மாடல், ஆண்டு, எஞ்சின், அறிகுறி, அளந்த வோல்டேஜ், கடைசியில் எது குறை என்பதை நீங்கள் முதலில் தேடிய அதே இடத்தில் தமிழில் எழுதிப் போடுங்கள்.